சேஸிஸ் எண் வண்டியில் ஏறியது எப்போது?

1964 ஏப்ரல் 14. ஃபோர்டு மஸ்டாங் அறிமுக விழாவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கனடாவின் கிழக்கு ஓரம், நியூஃபவுண்ட்லாந்து தீவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் ஒரு டீலர் கடையில் கூரையை மடிக்கக்கூடிய வெள்ளை நிற கன்வெர்டிபிள் மஸ்டாங் ஒன்று நின்றது. ஸ்டான்லி டக்கர் என்ற விமானி அதைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். உண்மையில் அது விற்பனைக்கு அனுப்பிய வண்டியே இல்லை. மக்கள் பார்ப்பதற்காக முன்கூட்டியே தயாரித்து டீலர்களுக்கு அனுப்பிய கார்களில் ஒன்று. அதன் சேஸிஸ் எண்ணின், அதாவது தொழிற்சாலை ஒவ்வொரு வண்டிக்கும் கொடுக்கும் அடையாள எண்ணின், கடைசி ஆறு இலக்கம் 100001. அதாவது மஸ்டாங் வரிசையின் ஒன்றாம் எண் வண்டி. விஷயம் தெரிந்த ஃபோர்டு திருப்பிக் கேட்டது, டக்கர் அவசரப்படவில்லை. இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, மஸ்டாங் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்ட சமயத்தில் தயாரான ஒரு புது வண்டியை வாங்கிக்கொண்டு பழையதைக் கொடுத்தார். இப்போது அது டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவர்கள் கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள்: தொழிற்சாலையிலிருந்து முதன்முதலில் இறங்கிய மஸ்டாங் இதுதான் என்று. 100001 என்ற எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. காரணம், அந்த எண் வண்டி முடிந்த பிறகு கொடுத்தது இல்லை. ஆர்டர் தொழிற்சாலைக்கு வந்து தயாரிப்புப் பட்டியலில் ஏறியதுமே எண் ஒதுக்கப்பட்டுவிடும். வேலை ஆரம்பிப்பதே அதற்கு அப்புறம்தான். டாக்டர் கிளினிக்கில் ஒன்றாம் நம்பர் டோக்கன் வாங்கியவர் டீ குடிக்க வெளியே போய்விட்டால் ஐந்தாம் நம்பர் முதலில் உள்ளே போவார் இல்லையா, அப்படித்தான். கன்வெர்டிபிளுக்குக் கூடுதல் வேலை, கூடுதல் பாகங்கள். வரிசையில் பின்னால் இருந்த சாதாரண வண்டி முந்திக்கொண்டு வெளியே வருவது அங்கே அன்றாடம் நடப்பது.

அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தாலே இது விளங்கும். முதலில் 5, அது 1965 மாடல் ஆண்டு. அடுத்து வரும் எஃப் டியர்போர்ன் தொழிற்சாலை. 08 என்றால் கன்வெர்டிபிள். இன்னொரு எஃப், அது 260 கன அங்குல வி8 இன்ஜின். பிறகுதான் 100001. அடுத்த எண்ணான 100002 கூரை வைத்த வண்டி, ஆறு சிலிண்டர் இன்ஜின். அது கனடாவின் மறுகோடியில், யூகான் பகுதியின் வைட்ஹார்ஸ் ஊருக்குப் போனது. இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று தொழிலாளிக்குச் சொல்லும் உத்தரவுச் சீட்டாக இருந்த எண் இது. அதனால்தான் 1964 வசந்த காலத்தில் தயாரான வண்டிகளும் 5 என்றே ஆரம்பிக்கின்றன. பிரியர்கள் அவற்றை '1964½' மாடல் என்று கூப்பிடுவார்கள். தொழிற்சாலைக் கணக்கில் அப்படி ஒரு மாடலே கிடையாது.

பழைய கார்களின் சேஸிஸ் எண்ணைப் பற்றிப் பேசும்போது 'இந்த எண்ணுக்கு எந்த வருடம்' என்று அட்டவணையைப் புரட்டுவதே வழக்கம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தயாரிப்பின் எந்தக் கட்டத்தில் இந்த எண் வண்டிக்குக் கிடைத்தது? இன்ஜின் முடிந்தபோதா, சட்டம் (எல்லாப் பாகங்களையும் தாங்கும் அடி இரும்புச் சட்டகம்) வரிசையில் ஏறியபோதா, ஆர்டர் வந்தபோதா, கடைசியில் தகடு அடித்தபோதா? கம்பெனிக்குக் கம்பெனி பதில் வேறு. ஒரே கம்பெனியிலும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

ஃபோர்டு மாடல் டி-யையே எடுத்துக்கொள்வோம். அதில் காருக்கான எண்ணாக இருந்தது இன்ஜின் எண்தான். ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் 1913-ல் நகரும் அசெம்பிளி வரிசை வந்த பிறகு, ஒரு சேஸிஸை, அதாவது பாடி ஏறாத அடிவண்டியை, கோக்க முன்பு 12 மணி நேரத்துக்கு மேல் ஆன வேலை ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் எல்லா வண்டியும் ஹைலண்ட் பார்க்கிலேயே முழுதாக உருவாகவில்லை. பாகங்களை ரயிலில் ஏற்றி, நாடெங்கும் இருந்த கிளை அசெம்பிளி நிலையங்களுக்கு அனுப்பினார்கள். முழு வண்டியைவிடப் பாகங்களை அனுப்பினால் ஒரு வேகனில் நிறையக் கொள்ளும், செலவும் மிச்சம். எண் அடிக்கப்பட்ட இன்ஜின் இங்கே. அது வண்டியாக மாறுவது எங்கோ தூரத்தில், நாட்கள் கழித்து. எனவே இன்ஜின் எண்ணை வைத்து மாடல் டி-யின் தேதி சொன்னால், அது அந்த இன்ஜினின் தேதி மட்டுமே.

இதன் உச்சம் கடைசியில் வருகிறது. 15 மில்லியனாவது மாடல் டி, அதாவது ஒன்றரைக் கோடியாவது வண்டி, 1927 மே 26 அன்று வெளிவந்தது. அதைத் தொடர்ந்து வண்டித் தயாரிப்பு நின்றது. இன்ஜின் தயாரிப்பு நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த லட்சக்கணக்கான வண்டிகளுக்கு மாற்று இன்ஜின் வேண்டுமே! 1941 வரை இன்ஜின்கள் வந்துகொண்டிருந்தன. எண்ணும் ஏறிக்கொண்டே போனது. 1930-களின் இன்ஜின் எண்ணோடு ஒரு மாடல் டி கிடைத்தால் அதில் மர்மம் ஒன்றும் இல்லை, யாரோ இன்ஜின் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அதைப் 'போலி' என்று ஒதுக்கியவர்களும் உண்டு, பாவம்.

அடுத்து வந்த மாடல் ஏ-யில் ஃபோர்டு கொஞ்சம் விழித்துக்கொண்டது. இன்ஜினில் அடித்த அதே எண்ணை, இன்ஜினைச் சட்டத்தில் இறக்கும்போது சட்டத்தின் மேல்பக்கத்திலும் அடித்தார்கள். எண்ணின் முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி. அலங்காரத்துக்கு வைத்தது போலத் தெரியும். முன்னாலோ பின்னாலோ இன்னொரு இலக்கத்தைச் சேர்த்து எண்ணை மாற்றிவிடாதபடி இரண்டு பக்கமும் அடைப்பதுதான் அதன் வேலை. சட்டத்து எண் மீது பிறகு பாடி வந்து உட்கார்ந்துவிடும். பாடியைத் தூக்காமல் அதைப் பார்க்க முடியாது. அதனால் இன்று ஒரு மாடல் ஏ-யை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும்போதுதான், இன்ஜின் உண்மையில் இந்த வண்டியோடு வந்ததா என்பது பலருக்குத் தெரியவருகிறது.

ரோல்ஸ்-ராய்ஸ் கதை முற்றிலும் வேறு. இரண்டாம் உலகப்போர் வரை அந்தக் கம்பெனி விற்றது காரே இல்லை, சேஸிஸ்தான். சட்டம், இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, சக்கரம், ரேடியேட்டர் வரை அவர்கள் பொறுப்பு. தற்காலிக இருக்கை ஒன்றைப் பொருத்தி அப்படியே சாலையில் ஓட்டிச் சோதிப்பார்கள். பாடி கட்டுவது ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்டு போன்ற தனிப் பட்டறைகளின் வேலை. வாங்குபவர் நினைத்தால் பத்து வருடம் கழித்து பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு கட்டிக்கொள்ளலாம். மகாராஜாவின் வேட்டை வண்டி சவ ஊர்தியாக மாறலாம். மாறாமல் நிற்பது சட்டம் ஒன்றுதான். ஆக வண்டிக்குப் பேரும் ஊரும் சேஸிஸ் எண்தான் என்ற வழக்கம் இங்கே இயல்பாக வந்தது. 'சில்வர் கோஸ்ட்' என்று உலகமே அறிந்த 1907-ம் வருட வண்டிக்கும் தொழிற்சாலையில் இருந்த பேர் 60551 என்பதுதான். பிற்காலத் தொடர்களில் 13 என்ற எண்ணையே விட்டுவிட்டார்கள். அவ்வளவு விலை கொடுத்து வாங்குபவருக்குப் பதின்மூன்றாம் எண்ணை யார் கொடுப்பது? சில தொடர்களில் ஒற்றைப்படை எண்கள் மட்டும், சிலவற்றில் இரட்டைப்படை மட்டும். முதல் எண்ணைக் கடைசி எண்ணிலிருந்து கழித்து 'இத்தனை வண்டி தயாரித்தார்கள்' என்று சொன்னால் கணக்கு இரண்டு மடங்காகிவிடும்.

தொடக்க எண் என்பதே பல இடங்களில் விளையாட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறது. பிரிட்டனின் எம்.ஜி. கார் கம்பெனியின் ஆபிங்டன் தொழிற்சாலையில், போர் முடிந்ததும் 1945-ல் வந்த டி.சி. மாடலின் முதல் சேஸிஸ் எண் 0251. ஏன் 251? தொழிற்சாலையின் தொலைபேசி எண் ஆபிங்டன் 251. ரொம்ப நாள் அங்கே பல மாடல்களுக்கு அதுவே ஆரம்ப எண்ணாக இருந்தது. கடைசி எண்ணிலிருந்து 250-ஐக் கழித்தால் எண்ணிக்கை வந்துவிடும், டி.சி. ஏறத்தாழ 10,000 என்பது அப்படிக் கிடைத்த கணக்குதான். மாரிஸ் மைனர் 501-ல் ஆரம்பித்தது. மினியும் எம்.ஜி.பி.-யும் 101-ல்.

ஒன்றில் ஆரம்பிக்காததற்குக் காரணம் விளையாட்டு மட்டும் இல்லை. ஒன்று, இரண்டு என்று அடித்தால் வண்டியின் கதவைத் திறந்து பார்க்கும் போட்டிக் கம்பெனிக்காரருக்கு உங்கள் தயாரிப்புக் கணக்கு இலவசமாகக் கிடைத்துவிடும். இது எவ்வளவு பெரிய கசிவு என்பதற்கு ஒரு போர்க்காலச் சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கிகள் தயாரிக்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1942 ஆகஸ்டுக்கு உளவுத்துறை கொடுத்த கணக்கு 1,550. பிடிபட்ட டாங்கிகளின் கியர்பாக்ஸிலும் சேஸிஸிலும் இருந்த வரிசை எண்களை மட்டும் வைத்துப் புள்ளியியலாளர்கள் சொன்னது 327. போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்களைப் புரட்டியபோது உண்மைக் கணக்கு 342 என்று இருந்தது. ஒழுங்காக எண் போடும் பழக்கம் ஒற்றனைவிட நன்றாக உளவு சொல்லியிருக்கிறது.

எம்.ஜி. டி.சி.-க்குத் திரும்புவோம். ஆபிங்டனில் மோட்டாரால் நகரும் வரிசை கிடையாது. வண்டிகளைக் கையால் தள்ளித்தான் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோவார்கள். வெறும் சட்டத்தில் ஆரம்பித்து அச்சு, ஸ்பிரிங், இன்ஜின், பாடி என்று ஏறிக்கொண்டே போகும். எண்ணைச் சட்டத்தின் முன்நுனியில் பஞ்ச் (நுனியில் இலக்கம் பொறித்த எஃகுக் கட்டை) வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அதே எண் பாடியின் முன் தடுப்பில் உள்ள தகட்டிலும் இருக்கும். ஆனால் இன்ஜின் வருவது கோவென்ட்ரியில் இருந்த மாரிஸ் இன்ஜின் தொழிற்சாலையிலிருந்து, தன் சொந்த எண்ணோடு. பாடிக்கும் தனி எண். இவை எதுவும் ஒன்றுக்கொன்று வரிசையாகப் பொருந்த வேண்டும் என்று யாரும் கவலைப்படவில்லை. கைக்கு எட்டிய இன்ஜின் எதுவோ அது ஏறியது. எந்தச் சேஸிஸுக்கு எந்த இன்ஜின் போனது என்பதை ஒருவர் பேரேட்டில் எழுதி வைத்தார். அந்த வரிதான் இன்று எல்லாமே.

பிரிட்டிஷ் கார்கள் பலவற்றின் இந்தப் பேரேடுகள் இப்போது இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தால் ஒரு ஹெரிடேஜ் சான்றிதழ் தருவார்கள். வண்டி உருவான தேதி, அனுப்பிய தேதி, இன்ஜின் எண், நிறம், எந்த டீலருக்குப் போனது, சில சமயம் சாவி எண்கூட அதில் இருக்கும். உருவான தேதியாக ஒரே நாளுக்குப் பதில் இரண்டு மூன்று நாட்கள் போட்டிருப்பதும் உண்டு. எண்ணும் தேதியும் ஒன்றில்லை என்பதைத் தொழிற்சாலைக் கணக்கே ஒத்துக்கொள்கிற இடம் அது.

1950-களில் எண்ணுக்குள் எழுத்துகள் நுழைந்தன. தொழிற்சாலைகள் பெருத்துவிட்டன, ஒரே வரிசையில் ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள வலக்கை வண்டி, இடப்பக்கம் உள்ள இடக்கை வண்டி, அமெரிக்காவுக்கு ஒன்று, ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று என்று கலந்து வரும். எம்.ஜி.ஏ. காரின் எண்ணைப் பாருங்கள்: எச்.டி.ஏ. 43, பிறகு ஐந்து இலக்கம். எச் என்றால் எம்.ஜி.ஏ., டி என்றால் திறந்த பாடி, ஏ என்றால் கறுப்பு நிறம். அதற்கடுத்த இலக்கம் எந்தச் சந்தை என்று சொல்கிறது: உள்நாட்டு வலக்கை வண்டி 1, ஏற்றுமதி வலக்கை 2, இடக்கை 3, வட அமெரிக்கா 4. கடைசி இலக்கம் பெயின்ட் வகை. வண்டியின் நிறமே எண்ணுக்குள் வந்துவிட்டது! யாராவது பின்னால் சிவப்பு அடித்து 'ஒரிஜினல் கலர்' என்று விற்றால், தகட்டில் உள்ள ஒற்றை எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்டிஷ் எண்முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சில வருடங்களிலேயே இதைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

அந்தச் சந்தை இலக்கத்தில் 5, 6 என்றும் உண்டு. அவை பாகங்களாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பிய வண்டிகள், சி.கே.டி. என்று சொல்வோமே அது. அந்த வழியாகத்தான் நம் ஊருக்கும் இந்தக் கதை வருகிறது. சுதந்திரத்துக்குப் பின் முழு காராக இறக்குமதி செய்வது கடினமாகிவிட, இங்கேயே கோத்து, படிப்படியாகப் பாகங்களையும் இங்கேயே செய்யும் ஏற்பாடு வந்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை 1960-களில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டை இப்படித்தான் கொண்டுவந்தது. ஹெரால்டுக்கு இது ரொம்பப் பொருத்தமான ஏற்பாடு. இங்கிலாந்தில் 1959-ல் அது டிரையம்ப் ஹெரால்டாக வந்தபோது, ஏனைய சின்ன கார்கள் தனிச் சட்டத்தை விட்டுவிட்டிருந்தன. ஹெரால்டு மட்டும் தனிச் சட்டத்தோடு வந்தது. வழக்கமாகப் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டதால், டிரையம்ப் துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் செய்து போல்ட் போட்டுக் கோக்கும்படி ஒரு பாடியை வடிவமைக்க வேண்டியிருந்தது. வேண்டாவெறுப்பாகச் செய்த அந்த ஏற்பாடு, பெட்டியில் அடைத்து அனுப்பிக் கடல் தாண்டிக் கோப்பதற்கு அப்படியே கைகொடுத்தது.

பெட்டி வண்டிக்கு 'பிறந்த தேதி' எது என்று கேட்டால் இரண்டு பதில் உண்டு. பெட்டி இங்கிலாந்தில் மூடப்பட்ட நாள் ஒன்று, இங்கே வண்டியாக உருண்டு வெளியே வந்த நாள் ஒன்று. நடுவில் கப்பல், துறைமுகம், சுங்கம். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது தேதி, பதிவு செய்த நாள். ஒரே வண்டிக்கு மூன்று வயது சொல்லி மூன்று பேர் சண்டை போட்டால் மூவருமே சரியாக இருக்கலாம்.

தனிச் சட்டம் போனதும் சேஸிஸ் எண்ணுக்கு வந்தது அடுத்த சிக்கல். மினியில் சட்டமே கிடையாது. தளம், பக்கம், கூரை எல்லாம் சேர்த்து வெல்டு செய்த ஒரே கூடு. சட்டம் போய்விட்டது, எண் மட்டும் நின்றுவிட்டது. எங்கே அடிப்பது? பானெட்டைத் திறந்தால் முன்னால் தெரியும் தகட்டில் எழுதி, ரிவெட் அடித்துப் பொருத்தினார்கள். வேலை சுலபம். அதை எடுப்பதும் அதே அளவு சுலபம். இரண்டு ரிவெட்டைத் துளைத்தால், மினியின் வேகமான வகையான மினி கூப்பர் எஸ்-இன் அடையாளம் கையில் வந்துவிடும். அதை ஒரு சாதா மினியில் மாட்டினால் விலை எங்கோ போய்விடும். அப்படி எத்தனை கூப்பர் எஸ் இன்று ஓடுகின்றன என்பதை வாங்கப்போகிறவர்கள் கவலையோடுதான் யோசிக்கிறார்கள்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இரண்டுக்கும் நடுவில். அதற்குச் சட்டம் இல்லை, ஆனால் தனியாகக் கழற்றக்கூடிய தளம் உண்டு. பின்சீட்டைத் தூக்கினால் தளத்தின் நடுவே ஓடும் மேட்டில் எண் அடித்திருக்கும். 1965 மாடலிலிருந்து எண்ணின் முதல் இரண்டு இலக்கம் வகையையும் மூன்றாவது இலக்கம் ஆண்டையும் சொல்லும். 115 என்று ஆரம்பித்தால் 1965. ஆனால் அந்த 115 ஓடத் தொடங்கியது 1964 ஆகஸ்டிலேயே. வுல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்குக் கோடை விடுமுறை விடுவார்கள். எந்திரங்களை மாற்றியமைக்க அதுதான் சௌகரியமான நேரம். விடுமுறை முடிந்து திறக்கும்போது புது மாடல் ஆண்டு. தொழிலாளியின் லீவு நாள் வண்டியின் எண்ணைத் தீர்மானித்தது என்று சொன்னால் தப்பில்லை.

அடிக்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம். எஃகுப் பஞ்சைச் சுத்தியலால் அடிக்கும்போது மேலே பள்ளம் விழுவதோடு நிற்காது. பள்ளத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கி இறுகிவிடும். திருடியவன் எண்ணை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினாலும் அடியில் அந்த இறுக்கம் மிச்சமிருக்கும். செம்பு குளோரைடு கலந்த அமிலக் கரைசலைத் தடவினால், இறுகிய இடமும் இறுகாத இடமும் வேறு வேறு வேகத்தில் அரிக்கப்பட, பழைய எண் நிழல்போல் மேலே வரும். தடயவியல் ஆய்வகங்கள் இதை இன்றும் செய்கின்றன. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேஸிஸ் எண்ணின் மீது காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து 'பென்சில் பிரிண்ட்' கேட்கிறார்களே, அதற்கும் இதே போன்ற நோக்கம்தான். எண் என்ன என்பதைக் கையால் எழுதிக் கொடுத்துவிடலாம். அது எப்படி அடிக்கப்பட்டிருக்கிறது, 3-இன் வளைவு எப்படி, எது சற்றுச் சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் காகிதம்தான் வாங்கிக்கொள்ளும்.

இன்ஜினும் வண்டியும் ஜோடி சேர்ந்தே இருக்கிறதா என்று பார்ப்பதில் அமெரிக்கர்கள் எல்லாரையும் மிஞ்சியவர்கள். 1960-களின் ஷெவர்லே கார்வெட்டில் இன்ஜின் பிளாக்கின் முன்னால் சின்னத் திட்டு ஒன்று இருக்கும். அதில் இரண்டு எண்கள். ஒன்று இன்ஜின் தொழிற்சாலையில் அடித்தது: இடம், தேதி, வகை. இன்னொன்று செயின்ட் லூயிஸில் வண்டி கோக்கும்போது அடித்தது: அந்த வண்டியின் எண்ணின் சுருக்கம். இரண்டு ஊர், இரண்டு ஆள், இரண்டு பஞ்ச் செட். ஆகவே இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே ஆழத்தில், ஒரே நேர்கோட்டில் அழகாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அந்தத் திட்டில் எந்திரம் இழைத்த மெல்லிய இணைகோடுகளும் இருக்க வேண்டும். இன்ஜினைப் பிரித்து மேற்பரப்பை மறுபடி இழைத்திருந்தால் கோடுகளும் போய்விடும், எண்ணும் போய்விடும். நல்ல மெக்கானிக் நியாயமாகச் செய்த வேலைகூட ஏலத்தில் விலையைக் குறைத்துவிடுவது அப்படித்தான். எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஓடுகிற இன்ஜினைவிட ஓடாத எண்ணுக்கு மதிப்பு என்றால் எப்படி?

எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஃபெராரி 250 ஜி.டி.ஓ. போதும். 1962-லிருந்து 1964 வரை 36 வண்டிகள்தான். அவற்றுக்கென்று தனித் தொடர் கிடையாது. மற்ற 250 ஜி.டி. கார்களின் ஒற்றைப்படை எண்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. அக்காலத்தில் ஃபெராரி சாலை வண்டிகளுக்கு ஒற்றைப்படை, முழுப் பந்தய வண்டிகளுக்கு இரட்டைப்படை என்று பிரித்து வைத்திருந்தது, ஜி.டி.ஓ. பந்தயத்துக்கே பிறந்தது என்றாலும் ஒற்றைப்படைப் பக்கம்தான் நின்றது. 3413 என்ற எண் கொண்டது 2018 ஆகஸ்டில் மான்டெரி ஏலத்தில் 48.4 மில்லியன் டாலருக்குப் போனது. அந்த நான்கு இலக்கம் இல்லாமல் அதே வடிவத்தில், அதே பாகங்களோடு ஒரு வண்டியை இன்று யாராவது செய்தால் அது நகல்தான்.

பந்தயக் குழுக்களே இந்த அடையாளத்தை அவ்வளவு புனிதமாக நினைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஐரோப்பாவில் எல்லை தாண்டும்போது சுங்கத்துக்குக் கார்னே என்ற ஆவணம் காட்ட வேண்டும். அதில் எழுதிய சேஸிஸ் எண்ணும் வண்டியின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். போன பந்தயத்தில் அந்த வண்டி நொறுங்கிவிட்டதா? தகட்டைக் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டு. அவர்களுக்கு அது எல்லை தாண்டும் சீட்டு, அவ்வளவே. ஐம்பது வருடம் கழித்து அதே தகட்டை வைத்து 'எது உண்மையான வண்டி' என்று வக்கீல்கள் வாதாடுவார்கள் என்று யார் கண்டார்கள்?

அப்படி வாதாடியும் இருக்கிறார்கள். 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. அடுத்தடுத்த வருடங்களில் இன்ஜின் மாறியது, சட்டம் மாறியது, 1932-ல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் பயங்கர விபத்து, பிறகு மறுபடி கட்டினார்கள். 1990-ல் அதை 10 மில்லியன் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டவர்கள் பின்வாங்க, வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1929-ல் ஓடிய வண்டியின் பாகங்களில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தது. நீதிபதி ஆட்டன், அதை அசல் மாறாத வண்டி என்று சொல்ல முடியாது என்றார். ஆனால் எந்தக் கட்டத்திலும் அறுந்துபோகாத தொடர்ச்சி இருக்கிறது, அந்தப் பேருக்கு உரிமை கொண்டாட வேறு வண்டியும் இல்லை, எனவே 'ஓல்ட் நம்பர் ஒன்' இதுதான் என்று தீர்ப்பளித்தார். நீதிமன்றம் பார்த்தது உலோகத்தையும் இல்லை, தகட்டையும் இல்லை. பேரேடு, சாட்சிகள், கைமாறிய வரலாறு இவற்றைத்தான்.

இந்தப் பலவிதமான முறைகளை ஒரு கோட்டுக்குள் கொண்டுவந்தது 17 இடம் கொண்ட எண். சர்வதேசத் தரம் 1970-களின் பிற்பகுதியில் வந்தது. அமெரிக்காவில் 1981 மாடல் ஆண்டிலிருந்து கட்டாயம். ஒன்று, பூஜ்யம் இவற்றோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளையும் எடுத்துவிட்டார்கள். அமெரிக்க முறையில் ஒன்பதாவது இடத்தில் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். மற்ற 16 இடங்களுக்கும் ஒரு மதிப்பும் எடையும் கொடுத்துப் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் மீதி அந்த இலக்கமாக வர வேண்டும். மீதி பத்து என்றால் எக்ஸ். கிளார்க் ஓர் எழுத்தை மாற்றி அடித்தால் கணினி பெரும்பாலும் உடனே பிடித்துவிடும். ஆனால் தவறே இல்லாத எண்ணை வேறொரு வண்டியிலிருந்து அப்படியே காப்பி அடித்து மாட்டியிருந்தால் கணக்கு சரியாகவே வரும். அதற்கு இன்றும் யாராவது டார்ச் அடித்துக்கொண்டு குனிந்து, பஞ்ச் விழுந்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.